உள்ளே விழுந்த நட்டும் பாக்கெட்டுக்குப் போன சாவியும்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் மாருதி 800 போனட் திறந்து நின்றது. 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. அப்பா விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்தபோது வாங்கியது. 15 வருடம் முடிந்தபின் ஆர்.சி.யை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பூஜைக்கு முன் ஏர் ஃபில்டரை மாற்றித் துடைத்து வைப்பது அவர் இருந்தவரை அவர் வேலை, இப்போது என் வேலை.

ஃபில்டர் டப்பாவைத் தூக்கும்போது, 10 ஸ்பானர் போடும் சின்ன நட்டு ஒன்று விரலிலிருந்து வழுக்கியது. 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம். தரையில் எதுவும் விழவில்லை. டப்பா பாதி தூக்கிய நிலையில் இருந்தது, அதன் கீழே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் வாய் திறந்து கிடந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

பி.யூ.சி. படிக்கிற மகன் டிரைவர் சீட்டில் இருந்தான். "அப்பா, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?" என்றான். எதிர் வீட்டு ஐயா, கலாசிபாளையம் பக்கம் பல வருடம் மெக்கானிக்காக இருந்தவர், அது காதில் விழுந்ததும் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். "தம்பி, முதல்ல சாவியை எடுத்து உன் பாக்கெட்ல போடு. பையனை இறங்கச் சொல்லு. ஆக்ஸிலேட்டர்ல யாரும் கால் வைக்கக் கூடாது."

ஏன் என்று அவர் காட்டியபிறகுதான் புரிந்தது. கார்புரேட்டரின் அடியில் த்ராட்டில் தகடு இருக்கிறது. பெடலில் கால் படாதவரை அது கிட்டத்தட்ட மூடியே இருக்கும். மேலிருந்து விழும் நட்டு அதன்மேல்தான் தங்கும். பெடலை அழுத்தினால் தகடு திரும்பும், நட்டு சிலிண்டருக்குப் போகும் மேனிஃபோல்டு குழாய்க்குள் இறங்கிவிடும். அதற்குமேல் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் இழுக்கிற காற்றோடு வால்வு வரை போய், வால்வு திறக்கிற நேரம் சிலிண்டருக்குள்ளும் போகலாம். பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே இரும்பு நட்டு சிக்கினால், பத்து ரூபாய் பெறாத சாமானுக்காக ஹெட்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

"சத்தம் எப்படிக் கேட்டுச்சு?" என்று அடுத்துக் கேட்டார். டக் டக் டக் என்று பல தடவை கேட்டிருந்தால் இன்ஜினுக்கு வெளியே உருண்டு இறங்கியிருக்கும். ஒரே தடவை என்றால் பக்கத்திலேயே எங்கேயோ நின்றிருக்கிறது. டார்ச் அடித்தோம், நடுவில் இருக்கும் பாகம் மறைத்தது. வீட்டுக்குப் போய் ரேடியோ ஏரியல் மாதிரி நீளும் காந்தக் குச்சியை எடுத்துவந்தார். கார்புரேட்டர் உடம்பில் பெரும்பகுதி இரும்பு இல்லாத உலோகம், அதனால் காந்தம் சுவரைக் கவ்வவில்லை. இரண்டாவது முயற்சியில் 'டக்' என்று ஒட்டியது. குச்சியை அவர் மேலே தூக்கியபோது நான் மூச்சே விடவில்லை.

நட்டு கிடைத்ததும் நான் சாவியை எடுக்கப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாஷர் எங்கே?"

ஒவ்வொரு நட்டுக்குக் கீழேயும் ஒரு ஸ்பிரிங் வாஷர் உண்டு. கழற்றியது மூன்று நட்டு, கையில் இருந்தது இரண்டு வாஷர். மறுபடியும் காந்தத்தை விட்டுத் துழாவினோம், எதுவும் வரவில்லை. உள்ளே இல்லை என்பதற்கு அது மட்டும் போதாது. மணி ஏழாகி இருட்டிவிட்டது. நான் விட்டுவிடலாம் என்ற நிலையில் இருந்தேன், அவர் விடவில்லை. மிச்சமிருந்த வாஷர்களில் ஒன்றை எடுத்து அதில் தையல் நூலைக் கட்டினார். கார்புரேட்டர் வாயைத் துணியால் மூடிவிட்டு, நட்டு வழுக்கிய அதே இடத்திலிருந்து அந்த வாஷரைக் கை தவறியது போலவே விட்டார். முதல் இரண்டு தடவை அங்கேயே நின்றது. மூன்றாவது தடவை ஒரு ஹோஸ் மேல் பட்டு, சறுக்கி, கியர்பாக்ஸ் மேலே கிரீஸும் மண்ணும் சேர்ந்த ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. நூலைப் பிடித்துக்கொண்டே டார்ச் அடித்தோம். எங்கள் வாஷர் அங்கேதான் கிடந்தது, கிரீஸில் பாதி புதைந்து.

கணக்கு சரியானபிறகுதான் சாவி பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும்.

* * *

அண்ணா, நான் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன். எனக்கு நடந்தது இன்ஜினில் இல்லை, டேஷ்போர்டில். போன் ஹோல்டர் மாட்டும்போது ஒரு திருகு கண்ணாடியோரம் இருக்கிற ஏ.சி. காற்றுத் துவாரத்துக்குள் போய்விட்டது. காந்தத்தை வைத்து ஒரு மணி நேரம் போராடினேன். அது காந்தத்தில் ஒட்டாத வகை எவர்சில்வர் திருகு என்று பிறகுதான் தெரிந்தது. பித்தளை, அலுமினியமும் அப்படித்தான். அதனால் இப்போது முதலில் அதே மாதிரி இன்னொன்றைக் காந்தத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கடைசியில் வேக்குவம் கிளீனர் குழாயின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் டியூபை டேப் போட்டு ஒட்டினேன். இரண்டுக்கும் நடுவே கொசுவலைத் துண்டு ஒன்று, திருகு பைக்குள் போய்விடாமல் இருக்க. திருகு டியூபுக்குள் வரும் அளவு இல்லை, ஆனால் நுனியில் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. மெஷினை நிறுத்தாமலே வெளியே இழுத்தேன். அதுவரை ப்ளோயர் ஃபேனை ஆன் செய்யாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. காற்றில் நகர்ந்து இன்னும் உள்ளே போயிருந்தால் எடுப்பது கஷ்டமாகியிருக்கும்.

* * *

தம்பி, உங்கள் ஐயா சொன்ன கணக்கு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நான் ஸ்ரீராம்புரம். வால்வ் சீல் மாற்றும்போது, வால்வை ஸ்பிரிங்கோடு பிடித்து வைக்கும் வால்வ் லாக் ஒன்று தெறித்துவிட்டது. ஒரு வால்வுக்கு இரண்டு லாக், ஒவ்வொன்றும் நறுக்கிய நகத்துண்டு அளவுதான். ஹெட்டில் ஆயில் கீழே இறங்கும் ஓட்டைகள் இருக்கின்றன, அதில் விழுந்தால் நேராக இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குப் போய்விடும். அதனால் ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன் எல்லா ஓட்டையிலும் பனியன் வேஸ்ட் துணி அடைத்திருந்தேன். தெறித்த லாக் அந்தத் துணியில் கிடந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அடைத்த துணியையும் எண்ணி வையுங்கள். ஒவ்வொன்றிலும் வெளியே தொங்கும்படி நூல் கட்டுங்கள். மறந்துபோன ஒரு துணி ஆயில் வழியை அடைத்தால் லாக் விழுந்ததைவிட மோசம்.

இன்னொன்று. ஸ்பார்க் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கும் வண்டிகளில், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் போல்ட்டு குழிக்குள் விழுந்தால் பதறாதீர்கள். பிளக் இருக்கும்வரை சிலிண்டர் மூடித்தான் இருக்கிறது. போல்ட்டை எடுத்து, குழியில் காற்றடித்து மண்ணைப் போக்கியபிறகே பிளக்கைத் தொடுங்கள்.

* * *

ஒரு சின்ன எச்சரிக்கை, அதற்காக மட்டும் எழுதுகிறேன். காந்தக் குச்சி நீளமான உலோகக் கம்பி. பேட்டரி பாசிட்டிவிலும் பாடியிலும் ஒரே நேரத்தில் பட்டால் ஷார்ட் ஆகும். எங்கள் வீட்டில் அப்படிப் பட்டு மச்சான் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. தேடும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. நெகட்டிவைக் கழற்றுவது எனக்கும் அன்று தோன்றவில்லை, இனி அதுதான் முதல் வேலை. அப்புறம், எங்கே வாங்குவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: எஸ்.பி. ரோட்டில் டூல்ஸ் விற்கும் கடைகளில் காந்தக் குச்சி கிடைக்கிறது. நுனியில் நான்கு விரல் விரியும், வளைகிற நகக்குச்சியும் ஒன்று வாங்கினேன், காந்தத்தில் ஒட்டாத சாமானுக்கு. போனில் மாட்டும் சின்னக் குழாய் கேமராவும் வாங்கியிருக்கிறேன். விளக்கு அதன் நுனியிலேயே இருப்பதால் உள்ளே நன்றாகத் தெரிகிறது, ஆனால் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று பழகக் கொஞ்ச நேரம் ஆகும். வாஷருக்கு நூல் கட்டும் முறைக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

மறுநாள் காலை நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். சாவியை மகன்தான் திருப்பினான். ஐயா போனட் பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "சரியா இருக்கு, எடு" என்றார்.