அறிவியல் புனைகதையில் சுஜாதாவுக்குப் பிறகு என்ன படித்தீர்கள், அது எப்படிக் கையில் கிடைத்தது?

வேளச்சேரியிலிருந்து:

சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோவோடு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ இரண்டையும் முடித்த கையோடு, அதே கிறக்கத்தைத் தேடி ஆங்கிலப் புத்தகக் கடைக்குப் போனால் அலமாரியில் அசிமோவும் டோல்கீனும்தான் இருப்பார்கள். பெரிய எழுத்தாளர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களை எங்கே பிடிப்பது?

எனக்கு வழி காட்டியது சிறுகதை. 2016இல் ‘அரைவல்’ படம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது உடன் வந்த தோழி, “மூலக்கதையைப் படிச்சிட்டு அப்புறம் பேசு” என்றாள். டெட் சியாங் 1998இல் எழுதிய கதை அது. அவர் இதுவரை நாவல் வெளியிட்டதில்லை. 2002இல் ஒரு தொகுப்பு, 2019இல் ஒரு தொகுப்பு, அவ்வளவுதான். நாவல்களை மட்டும் துழாவிக்கொண்டிருந்தால் இப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

கிளார்க்ஸ்வேர்ல்ட், ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் இரண்டு இதழ்களையும் காசில்லாமல் இணையத்தில் படிக்கலாம். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் கடற்கரை நிலையம் வருவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும். பிடித்துப்போனால் கதையின் கீழே உள்ள எழுத்தாளர் குறிப்பைத் தவறாமல் படிப்பேன். அவருடைய புத்தகம் எது என்று அதில்தான் இருக்கும். தமிழில் ‘அரூ’ மின்னிதழையும் அப்படியே படித்தேன். அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்திப் புதியவர்களை எழுதவைத்தவர்கள் அவர்கள்.

உங்கள் கைக்குப் புத்தகம் வந்த கதையையும் எழுதுங்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்து:

தம்பி, செல்போனில் கதை படிக்க என் கண் ஒத்துழைக்காது. நான் பைகிராஃப்ட்ஸ் ரோடு பழைய புத்தகக் கடைகளை நம்பி வாழ்கிறவன். பாரதி சாலை என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆனாலும் எங்கள் வாயில் அதுதான் வரும்.

வழக்கமாக நான் போகிற கடைக்காரருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் யார் எதை வாங்குவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஒருநாள் பலகைக்கு அடியில் தனியாக இருந்த புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். “ஐயா, அது ஒரு காலேஜ் சாருக்கு எடுத்து வெச்சது. இந்த அம்மா எழுதுனது எது வந்தாலும் வெளிய வைக்காதேன்னு சொல்லியிருக்காரு” என்றார். அந்த அம்மா, உர்சுலா லெ குவின். புத்தகம், 1969இல் வந்த ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’. அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கியது. எனக்கு அதுவரை பெயரே தெரியாது.

அடுத்த ஞாயிறு அதே கடையில் அந்தப் பேராசிரியரையே பார்த்தேன். இயற்பியல்காரர். விஷயத்தைச் சொன்னதும், “நீங்க முதல்ல படிங்க சார், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார். நிலையாக ஆண், பெண் என்றில்லாத மனிதர்கள் வாழும் ஒரு பனிக்கோள். அங்கே தூது போகிற ஒருவன், தன் கண்ணை நம்புவதா பழகிய புத்தியை நம்புவதா என்று தடுமாறுகிறான். கடைசியில் இரண்டு பேர் பனிப்பாளத்தின் மீது சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போகிற பகுதியை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சில்லிடுகிறது. திருப்பிக் கொடுக்கும்போது டீக்கடையில் நின்று வெகுநேரம் பேசினோம். இன்றைக்கும் படித்து முடித்ததை அந்தக் கடையில் வைத்துவிட்டுப் போவோம். அவர் புத்தகத்தை நான் எடுத்துக்கொள்வேன், என்னுடையதை அவர் எடுத்துக்கொள்வார். கடைக்காரர் இதற்குக் காசு வாங்குவதில்லை.

இன்னொன்று. பழைய பேப்பர்பேக்குகளின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பதிப்பகத்தின் மற்றப் புத்தகங்கள் பட்டியலாக இருக்கும். முன்பு வைத்திருந்தவர் சிலவற்றுக்குப் பென்சிலில் டிக் போட்டிருப்பார். அந்த முகம் தெரியாத மனிதரை நம்பிப் படியுங்கள். விளம்பரத்தைவிட அது மேல்.

மயிலாப்பூரிலிருந்து:

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இந்தப் பக்கம் என்னை இழுத்து வந்தது என் மாணவி.

சென்னையில் வெளிவந்த பழைய பெண்கள் பத்திரிகைகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். அவள் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையோடு வந்தாள். ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதி, 1905இல் நம் மெட்ராஸின் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ பத்திரிகையில் வந்தது. பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் வீட்டுக்குள். சூரிய வெப்பத்தில் சமையல் நடப்பதால் அடுப்படியில் கரியும் இல்லை, புகையும் இல்லை. மேகம் திரளும் முன்பே வானத்திலிருந்து தண்ணீர் எடுக்க ஒரு பல்கலைக்கழகம் பலூன் செய்கிறது. போகவர ஆகாய வண்டி. 1905இல்! “மேடம், இது நம்ம ஊர்ல அச்சான கதைன்னு ஏன் யாருமே சொல்லல?” என்று கேட்டாள். எனக்கும் அன்றுதான் தெரியும். அன்றிரவே இணையத்தில் தேடி முழுவதும் படித்தேன். சின்னக் கதைதான், நீங்களும் படித்துவிடுங்கள்.

அதன் பிறகு இன்று எழுதும் இந்தியப் பெண்களைத் தேடியபோது லாவண்யா லக்ஷ்மிநாராயண் கிடைத்தார். அவருடைய நாவல் ‘தி டென் பர்சென்ட் தீஃப்’. எதிர்காலப் பெங்களூரில், உற்பத்தித் திறனை வைத்து மனிதர்களைத் தரம் பிரிக்கிறது ஒரு நிறுவனம். கடைசிப் பத்து சதவீதத்தில் விழுந்தால் மின்சாரம்கூடக் கிடையாது. 2024 ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தது. பரிசு வேறொரு நாவலுக்குப் போயிற்று. அதனால்தான் சொல்கிறேன்: பரிசு வாங்கியதோடு நிற்காமல் இறுதிப் பட்டியல் முழுவதையும் பாருங்கள். ஹ்யூகோவுக்கு உலக அறிவியல் புனைகதை மாநாட்டு உறுப்பினர்களான வாசகர்கள் வாக்களிக்கிறார்கள், நெபுலாவுக்கு எழுத்தாளர்கள், கிளார்க் விருதுக்கு நடுவர் குழு. மூன்று பட்டியலும் மூன்று ருசி. என் ருசி நடுவர் குழு பக்கம்.

கொளத்தூரிலிருந்து:

அக்கா, விருதுப் பட்டியல் ஆங்கிலத்துக்குச் சரி. தமிழுக்கு என்ன செய்வது? ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய் “அறிவியல் புனைகதை இருக்கா?” என்று கேட்டால், மாணவர்களுக்கான அறிவியல் கட்டுரைப் புத்தகங்களைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். இப்போதெல்லாம் புத்தகத்தின் பெயரைச் சொல்லியே கேட்கிறேன். ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பும், தமிழ்மகனின் ‘ஆபரேஷன் நோவா’வும் அப்படி வாங்கியவை. ‘விசும்பு’ வாங்கும்போது பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்ன புத்தகம் என்று கேட்டு, அங்கேயே நின்று முதல் கதையைப் படித்து முடித்து, அவரும் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அன்று முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடையாற்றிலிருந்து:

விருதின் பெயரில் எழுத்தாளர் கிளார்க் வந்ததால் சொல்கிறேன். 1956இல் இலங்கையில் குடியேறி, 2008 மார்ச்சில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். நம் சுஜாதா போனது அதற்குச் சில வாரங்கள் முன்பு, பிப்ரவரியில். 1979இல் எழுதிய ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதைக் கட்டப் பூமத்திய ரேகைதான் தோது என்பதால் இலங்கையையே தெற்கே நகர்த்தி வைத்து எழுதினார்.

அதே தீவில் இப்போது வஜ்ர சந்திரசேகர எழுதுகிறார். ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’, 2023இல் வந்த நாவல், மறு ஆண்டு நெபுலா வாங்கியது. பிறந்தவுடன் தாய் பிள்ளையின் நிழலைப் பிய்த்தெடுத்துவிட்டு, தகப்பனைக் கொல்வதற்கென்றே அவனை வளர்க்கிறாள். தகப்பன் ஊரே கும்பிடும் புனிதர். புத்தர் கதையும் ஈழத்து நாட்டு நடப்பும் தெரிந்த தமிழ் வாசகருக்கு இதில் வரும் வலி விளக்கமில்லாமல் புரியும். கொழும்பில் இருக்கும் என் சித்தி மகள்தான் அனுப்பிவைத்தாள்.

திருவல்லிக்கேணி ஐயா, நீங்களும் பேராசிரியரும் இதைப் படிக்கவேண்டும். அந்தக் கடை எங்கே என்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து வைக்கிறேன்.