வண்ணார்பண்ணை வீடு: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை 7:41
தம்பி (வெள்ளவத்தை): [படம்]
காலிமுகத்திடலுக்கு நடக்க வந்தேன். இது பழைய பாராளுமன்றத் தோட்டத்துச் சிலை. வேலிக்கு வெளியே நின்று எடுத்ததால் பாதி சிலை, பாதி மரக்கிளை. இவர் இராமநாதனா, அருணாசலமா?

7:44
பெரியப்பா: முதலில் காலை வணக்கம் சொல்லிப் பழகு. அண்ணன் இராமநாதன், தம்பி அருணாசலம், அந்தக் காலத்துத் தமிழ்த் தலைவர்கள் இருவருக்குமே அங்கே சிலை உண்டு. அடியில் என்ன எழுதியிருக்கிறது?

7:46
தம்பி: வணக்கம் பெரியப்பா. ஆங்கிலத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால், நாட்டில் அரசியல் ஒற்றுமைக்காக உழைத்தவர் என்கிற மாதிரி தெரிகிறது.

7:47
பெரியப்பா: அப்படியானால் அருணாசலம். 1930இல் வைத்த சிலை. அந்தக் கட்டடத்தைத் திறந்ததும் அதே ஆண்டு ஜனவரியில்தான். தம்பிக்குச் சிலை எழுந்தபோது அண்ணன் உயிரோடிருந்தார். நவம்பரில் அவரும் போய்விட்டார்.

7:52
சித்தி (ரொறன்ரோ): ஏன் இவ்வளவு கறுத்துப் போயிருக்கிறது? வெண்கலம்தானே, புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்காதா?

7:53
மாமி (யாழ்ப்பாணம்): உன் குத்துவிளக்கைத் தேய். அவரை விடு.

7:53
மாமி (யாழ்ப்பாணம்): கிணற்று மோட்டருக்கு வந்த மின்கட்டணத்தைப் பற்றி நேற்றுக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலை என்றதும் எல்லோரும் விழித்துவிட்டீர்கள்.

7:58
சித்தி (ரொறன்ரோ): மாமி, கட்டணத்துக்குப் பிறகு வருகிறேன். பெரியப்பா, என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஒப்படை. தலைமுறை தலைமுறையாகச் சட்டசபையில் இருந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுத வேண்டும். இந்தப் படத்தையே வைத்து எழுதலாமா? பொன்னம்பலம் குடும்பம்தானே, இப்போதும் பாராளுமன்றத்தில் கஜேந்திரகுமார் இருக்கிறாரே.

7:59
மாமா (யாழ்ப்பாணம்): ஐயோ.

8:00
பெரியப்பா: ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லாப் பொன்னம்பலமும் ஒன்றாகிவிட்டதா? கஜேந்திரகுமார், தமிழ்க் காங்கிரசைத் தொடங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பேரன். அது வேறு வீடு. இராமநாதன், அருணாசலம் இருவரின் தகப்பனார் பெயரும் பொன்னம்பலம், அவ்வளவுதான். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டிய முதலியார் அவர். பிறகு அதைக் கருங்கல்லில் எழுப்பியது இராமநாதன்.

8:09
பெரியப்பா: பிள்ளைக்கு எழுதிக்கொடு. 1835இல், வெள்ளைக்காரர் காலத்துச் சட்டசபையான சட்டநிரூபண சபையில் முதல் தமிழ் உறுப்பினர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி. இவர்களின் தாய்வழிப் பாட்டனார். அவர் மகன் முத்துக்குமாரசுவாமி 1862இல் வந்தார், சேர் பட்டம் பெற்றார், 1879இல் காலமானார். அந்த இடத்துக்கு அவருடைய சகோதரியின் மகன் இராமநாதன். இராமநாதன் அரசாங்கச் சட்ட உத்தியோகத்துக்குப் போனதும் 1893இல் அவருடைய தமையன் குமாரசுவாமி. 1898இல் வைத்தியர் ரொக்வூட் வரும்வரை முப்பத்தாறு வருடம் அந்த இருக்கை வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அடுத்த தலைமுறையில் அருணாசலத்தின் மகன் மகாதேவா, பிறகு உள்நாட்டு அமைச்சர்.

8:11
மாமா (யாழ்ப்பாணம்): மாமனிடமிருந்து மருமகனுக்கு, மருமகனிடமிருந்து தமையனுக்கு. சபை இருக்கையா, சீதனக் காணியா?

8:11
தம்பி (வெள்ளவத்தை): 😂

8:13
பெரியப்பா: சிரிக்க வேண்டாம். நியமன உறுப்பினர் காலம் அது. ஆளுநர் கைகாட்டுவார், வேறு வழி கிடையாது. ஆனால் 1911இல் படித்த இலங்கையருக்கென்று தேர்தல் வைத்தபோது இராமநாதன் நின்று வென்றார். சிங்களவர்களும் வாக்களித்தார்கள்.

8:15
மாமா (யாழ்ப்பாணம்): எத்தனை பேருக்கு வாக்கு இருந்தது என்பதையும் சொல்லுங்கள். தீவு முழுவதற்கும் மூவாயிரத்துக்குக் குறைவு. எதிரில் நின்ற மார்க்கஸ் பெர்னாண்டோ சிங்களவரில் கராவ சாதி என்பதால், கொவிகம சாதிச் சிங்களவரின் வாக்குகள் இராமநாதன் பக்கம் சாய்ந்தன. ஒற்றுமைக்கு அதுவும் ஒரு வழி.

8:17
பெரியப்பா: 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு சிறையில் போட்ட சிங்களத் தலைவர்களுக்காக, யுத்தம் நடக்கிற கடலைத் தாண்டி இலண்டன் போய் வாதாடியவர் யார்? திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைக் கையால் இழுத்தார்கள். அதுவும் சாதிக் கணக்கா?

8:18
மாமா (யாழ்ப்பாணம்): அதை ஒப்புக்கொள்கிறேன். துணிச்சல்காரர்.

8:24
மாமி (யாழ்ப்பாணம்): துணிச்சலாம். மருதனார்மடத்தில் பெண் பிள்ளைகளுக்கு 1913இல் கல்லூரி கட்டினார், நானும் அங்கேதான் படித்தேன், அந்த நன்றி சாகும்வரை இருக்கும். அதே மனிதர்தான் பெண்களுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்று, அரசியலமைப்பை மாற்ற இலண்டனிலிருந்து வந்த டொனமூர் ஆணைக்குழுவிடம் சொன்னார். ஏழைகளுக்கும் வேண்டாமாம். என்னைப் படிக்கவைத்து வீட்டில் உட்காரச் சொன்னதுபோல.

8:26
சித்தி (ரொறன்ரோ): இதை ஒப்படையில் எழுதலாமா?

8:26
மாமி (யாழ்ப்பாணம்): எழுதாவிட்டால் என் பெயரைச் சொல்லாதே.

8:31
பெரியப்பா: அருணாசலம் வேறு ரகம். தொழிலாளர் நலனுக்குச் சங்கம் அமைத்தவர். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். கொழும்பில் தமிழருக்கு ஓர் இடம் தருவதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை என்று மனம் கசந்து 1921இல் வெளியேறினார். 1924இல் மதுரைக்கு யாத்திரை போன இடத்தில் காலமானார். தம்பி, நீ பெரிதாக்கிப் பார்த்தாயே, அந்த ஒற்றுமைப் புகழ்ச்சி, அது அவர் காங்கிரசை விட்டு வந்து ஒன்பது வருடம் கழித்து எழுதியது.

8:33
தம்பி (வெள்ளவத்தை): கோபித்துக்கொண்டு போன வீட்டிலேயே சிலையாக நிற்கிறார்.

8:34
மாமா (யாழ்ப்பாணம்): அந்த வீடும் இப்போது அங்கே இல்லை. பாராளுமன்றம் 1982இல் கோட்டைக்குப் போய்விட்டது. இவர் ஜனாதிபதி செயலகத்துக்குக் காவல்.

8:35
தம்பி (வெள்ளவத்தை): பெரியப்பா, கொழும்புக் கோட்டையா?

8:35
பெரியப்பா: ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. மாமாவுக்கு எழுத்துப்பிழை.

8:40
சித்தி (ரொறன்ரோ): மகாதேவாவுக்குப் பிறகு ஏன் ஒருவரும் வரவில்லை?

8:42
மாமா (யாழ்ப்பாணம்): அவர் 1947இல் யாழ்ப்பாணத் தொகுதியில் தோற்றார். தோற்கடித்தவர் யார் தெரியுமா? நீ காலையில் குழப்பிக்கொண்டாயே, அந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம். ஒரு வீட்டின் கதை முடிந்த தொகுதியில்தான் அடுத்த வீடு பால் காய்ச்சியது.

8:44
மாமி (யாழ்ப்பாணம்): அம்மம்மா பக்கத்தில் இருக்கிறார். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஏதோ சொல்ல வேண்டுமாம். சொல்லச் சொல்லத் தட்டுகிறேன்.

8:51
மாமி (யாழ்ப்பாணம்): "1947இல் எனக்குப் பத்து வயது. அம்மா கூறைச்சேலையை உடுத்திக்கொண்டு வாக்களிக்கப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஐயா, என் தகப்பனார், மகாதேவாவின் ஆள். வீட்டில் எல்லோரும் அவருக்குத்தான் போட வேண்டும் என்று முதல் நாள் இரவே சொல்லிவிட்டார். அம்மா தலையாட்டினார். திரும்பி வரும் வழியில் யாருக்குப் போட்டேன் என்று என் காதில் சொன்னார்."

8:52
தம்பி (வெள்ளவத்தை): யாருக்கு?

8:52
பெரியப்பா: யாருக்கு அம்மா? இத்தனை வருடம் எனக்குக்கூடச் சொல்லவில்லையே.

8:55
மாமி (யாழ்ப்பாணம்): "ஐயாவுக்கே சொல்லவில்லை. உங்களுக்கா சொல்வேன்? மோட்டர்க் காசை அனுப்புங்கள்."