இழுத்து இழுத்து விடுறது மூச்சு இல்லங்க

இங்க நெறைய பேர் சிபிஆர் (இதயம் நின்னுட்டா நெஞ்ச அழுத்தி ரத்தத்த ஓட வெக்கற முதலுதவி) கொடுத்த அனுபவத்த எழுதிருக்கீங்க, நான் சொல்ல வந்தது அத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வீணாப் போற நேரத்தப் பத்தி.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், பந்தி ஓடிட்டு இருக்கு, கை கழுவப் போன ஒரு பெரியவர் வாஷ்பேசின்கிட்டயே சரிஞ்சுட்டாரு, விழுந்ததும் கைகால் லேசா வெட்டுச்சு, உடனே "வலிப்பு, சாவி குடுங்க"ன்னு சத்தம், ஒருத்தர் பைக் சாவிய உள்ளங்கைல திணிக்கறாரு, இன்னொருத்தர் மூஞ்சில தண்ணி அடிக்கறாரு. இதயம் நின்னு மூளைக்கு ரத்தம் போகலன்னாலும் கொஞ்ச நேரம் அப்படி வெட்டும், நெறைய பேருக்கு இது தெரியாது. தோளத் தட்டிக் கூப்பிட்டேன், பேச்சே இல்ல. வாய் மட்டும் தொறந்து கொரட்டை மாதிரி ஒரு இழுப்பு, அப்புறம் ஒண்ணுமில்ல, மறுபடி ஒரு இழுப்பு. "மூச்சு இருக்கு, தூக்கி கார்ல போடுங்கப்பா"ங்கறாரு அவரோட மச்சான்.

அது மூச்சே இல்லங்க. கூப்பிட்டா அசைவில்ல, மூச்சு சீரா இல்லன்னா அழுத்த ஆரம்பிச்சிரணும், மில்லுல ஃபர்ஸ்ட் எய்ட் டிரெய்னிங் எடுத்தவரு இதத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாரு. ஒரு பையன 108க்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெக்கச் சொல்லிட்டு தரையிலயே மல்லாக்கப் படுக்க வெச்சு அழுத்தினேன், நெஞ்சு நடுவுல, முழங்கை மடங்காம, 5லேர்ந்து 6 சென்டிமீட்டர் உள்ள போற மாதிரி, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவ, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நெஞ்சு முழுசா மேல வர விடணும். மளுக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு, பக்கத்துல நின்ன அம்மா "கண்ணு விட்ரு, எலும்பு ஒடியுது"ன்னு அழறாங்க. விடல. கை ஓஞ்சதும் வீடியோ எடுக்க வந்த தம்பி மாத்தி மாத்தி அழுத்தினாப்ல, அவன மறக்கவே மாட்டேன். வாயில ஊதணுமோன்னு தயங்காதீங்க, பெரியவங்க திடீர்னு இப்படி விழுந்தா நம்மள மாதிரி ஆளுங்க அழுத்தறது மட்டுமே போதும், தண்ணில மூழ்கினவங்களுக்கும் கொழந்தைகளுக்கும்தான் மூச்சும் சேத்துக் குடுக்கணும்.

ஆம்புலன்ஸ்ல வந்தவங்க நெஞ்சுல கரண்ட் ஷாக் குடுத்தாங்க, நாடி திரும்புச்சு, அப்புறம் ஆஸ்பத்திரில இதய ரத்தக்குழாய் அடைச்சுக்காம இருக்க ஸ்டென்ட்ங்கற சின்ன வலைக் குழாய் வெச்சாங்க. விலா எலும்புல விரிசல், இருமுனா வலிக்குதுன்னாரு, அது தானா கூடிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

மூச்சும் நாடியும் இருந்தாக்கூட கண்ண எடுக்கக்கூடாது, 2021 யூரோ கப் ஃபுட்பால்ல டென்மார்க் பிளேயர் எரிக்சன் விழுந்தப்ப டீம் டாக்டர் கிட்டப் போறப்ப ரெண்டும் இருந்துச்சாம், சட்டுனு நின்னுருச்சு, அங்கேயே சிபிஆர், ஒரே ஷாக்ல திரும்பிட்டாரு. இந்த ஷாக் குடுக்கறதுக்கு யாரு வேணா பயன்படுத்தற மாதிரி ஏஇடின்னு ஒரு மிஷின் இருக்கு, அதத் தொறந்து ஆன் பண்ணா என்ன செய்யணும்னு அதுவே சொல்லும், தேவையில்லாத ஆளுக்கு ஷாக் குடுக்காது. ஆயிரம் பேர் கூடற மண்டபம் நடத்தறவங்க யாராச்சும் இதப் படிச்சா தயவுசெஞ்சு ஒண்ணு வாங்கி வெயிங்க, வேலை செய்ற பசங்க ரெண்டு பேருக்காவது அழுத்தக் கத்துக் குடுங்க.