அம்மாவின் அறைக்கு ஒரு காட்டு ஓவியம்: யோசனை சொல்லுங்கள்

அறுவை சிகிச்சை முடிந்து அம்மா படுக்கையில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் எதிரே வெறும் சுவர்தான். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள் என்ற ரோஜர் உல்ரிக்கின் 1984 ஆய்வைப் படித்ததிலிருந்து, அவர் அறைக்குள் ஒரு காட்டு ஓவியம் மாட்ட ஆசை. நிஜ மரத்துக்கு ஈடாகாது, தெரியும்.

ரஷ்ய ஓவியர் இவான் ஷிஷ்கின் வரைந்த பைன் காடுகள் எனக்கு உயிர். மரப்பட்டையின் சொரசொரப்புகூடக் கண்ணில் தெரியும். ஆனால் நாள் முழுக்கப் பார்க்க இருட்டாக இருக்குமோ? ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் 1903-இல் வரைந்த பிர்ச் மரக் காட்டில் தரையெல்லாம் உதிர்ந்த இலைகள், அவ்வளவு அழகு. அம்மாவுக்கோ பச்சைதான் பிடிக்கும்.

படுத்தபடியே பார்ப்பவருக்கு எந்த உயரத்தில் மாட்டலாம்? கண்ணாடிச் சட்டம் போட்டால் விளக்கொளி கூசுமே, கேன்வாஸ் அச்சே போதுமா? அப்புறம், நோயாளியின் அறையில் இப்படி மாட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் எந்தப் படம் என்று கட்டாயம் சொல்லுங்கள்.