துளி எண்ணிப் பரப்பிழுவிசை அளத்தல்: விடை ஏன் மூன்றிலொரு பங்கு குறைகிறது?

கல்லடி_உயர்தரம்:

வணக்கம். உயர்தர மாணவர்களின் செயற்றிட்டம் ஒன்றுக்காக மட்டக்களப்பு வாவித் தண்ணீரின் பரப்பிழுவிசையை (நீரின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை) துளி நிறை முறையில் அளக்கிறோம். அளவியின் (பியூரெட்) கீழ் நுனியில் இறப்பர்க் குழாய், அதில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய். கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டம் வேணியர் இடுக்கிமானியில் 4.0 மி.மீ. துளிக்கு ஏறக்குறைய 20 செக்கன் வரும்படி திருகியைத் திறந்து 50 துளி சேர்த்து, 0.01 கிராம் தராசில் நிறுக்கிறோம். அறை வெப்பநிலை 30 பாகை.

காய்ச்சி வடித்த நீர் 50 துளி: 2.95 கிராம். புளியந்தீவுக் கரையில் எடுத்த வாவித் தண்ணீர் 50 துளி: 2.83 கிராம்.

ஒரு துளியின் நிறை = 2 × பை × ஆரை × பரப்பிழுவிசை என்று போட்டால் வடித்த நீருக்கு மீற்றருக்கு 46 மில்லிநியூற்றன், வாவிக்கு 44. புத்தகத்தில் 71 என்று இருக்கிறது. வாவித் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அதனால் குறையலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அப்படியென்றால் வடித்த நீர் ஏன் குறைகிறது? குழாயின் உள்விட்டத்தைப் பாவிக்க வேண்டுமா?

வந்தாறுமூலை_ஆய்வுகூடம்:

உங்கள் வாசிப்பில் பெரிய பிழை இல்லை. சமன்பாட்டில்தான் ஒரு காரணி விடுபட்டிருக்கிறது.

நீங்கள் போட்டது 1864இல் டேற் சொன்ன விதி. தொங்குகிற நீர் முழுவதும் விழுகிறது என்று எடுத்தால்தான் அது சரி. உண்மையில் துளி பெருத்து நிலையழியும்போது குழாயின் விளிம்பிலிருந்து கழன்று வருவதில்லை. விளிம்புக்குக் கீழே கழுத்துப் போல ஒடுங்கி, அந்தக் கழுத்தில்தான் அறுகிறது. மேலே ஒரு பங்கு நீர் குழாயிலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் நிறுப்பது விழுந்த பங்கை மட்டும். ஆகவே நிறை = 2 × பை × ஆரை × பரப்பிழுவிசை × காரணி.

அந்தக் காரணியை 1919இல் ஹார்க்கின்ஸும் பிரௌனும் அளந்து அட்டவணையாக்கினார்கள். ஆரையைத் துளியின் கனவளவின் கனமூலத்தால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். விகிதம் 0.40 ஆனால் காரணி 0.683, 0.45க்கு 0.667, 0.50க்கு 0.6515, 0.55க்கு 0.636, 0.60க்கு 0.625. இடையில் வருவதை நேர்கோடாக எடுத்தால் போதும்.

உங்கள் வடித்த நீருக்குச் செய்து பார்ப்போம். ஒரு துளி 59.0 மில்லிகிராம். 30 பாகையில் அடர்த்தி 0.996, கனவளவு 0.0593 கன ச.மீ., கனமூலம் 0.390 ச.மீ. ஆரை 0.200 ச.மீ. என்பதால் விகிதம் 0.513, காரணி 0.6475. புவியீர்ப்புக்கு 9.81 போடாமல் இலங்கைக்குரிய 9.78 போடுங்கள். விடை 70.9. 30 பாகையில் நீரின் நியமப் பெறுமானம் 71.2.

1899இல் றேலி தந்த எளிய வடிவமும் உண்டு: 2 × பைக்குப் பதிலாக 3.8. அது காரணி 0.605 என்பதற்குச் சமம். உங்களுடையதைவிடத் தடித்த குழாய்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். உங்கள் குழாய்க்குப் போட்டால் 76 வரும், எனவே அட்டவணையையே பாவியுங்கள்.

சம்மாந்துறை_கண்ணாடி:

சேர், மேலே சொன்னதோடு ஒன்று. 70.9 என்று வந்ததில் அந்த .9ஐ இன்னும் நம்ப முடியாது. 0.1 மி.மீ. இழிவெண்ணிக்கையுள்ள (அதாவது அதைவிடச் சிறிதாக வாசிக்க முடியாத) வேணியரில் 4.0 மி.மீ. அளந்தால் வழு 2.5 சதவீதம். தராசில் வரும் வழு 0.3 சதவீதம்தான். ஆகவே நேரம் செலவழிக்க வேண்டிய இடம் விட்டம். நகரும் நுணுக்குக்காட்டியில் நுனியை நேர் எதிரே வைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். இரண்டும் 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் வேறு குழாய் வெட்டுங்கள்.

உள்விட்டமா வெளிவிட்டமா என்பது நுனி நனைகிறதா என்பதைப் பொறுத்தது. சுத்தமான கண்ணாடியில் நீர் அடிமுகம் முழுக்கப் பரவி வெளிவிளிம்பில் நிற்கும், எனவே வெளிவிட்டம் சரி. நனையாத பிளாஸ்ரிக் நுனியென்றால் நீர் உள்விளிம்பிலேயே தொங்கும். அளவியின் சொந்த நுனியில் நேரடியாகச் செய்யாதது நல்லது. அது கூம்பு, நீர் சரிவில் ஏறி நிற்கும், ஒவ்வொரு துளிக்கும் ஒவ்வொரு ஆரை.

நுனியைத் தீயில் காட்டி மழுக்க வேண்டாம். விளிம்பு உருண்டுவிட்டால் துளி எதில் பிடித்து நிற்கிறது என்று தெரியாது. ஒரு கண்ணாடித் தட்டின் மேல் 600ஆம் இலக்க ஈர அரத்தாளை வைத்து, குழாயைச் செங்குத்தாகப் பிடித்து எட்டு வடிவில் தேயுங்கள், பிறகு 1200. உருப்பெருக்கியில் பார்க்கும்போது விளிம்பில் ஒரு சிறு உடைவு இருந்தாலும் நீர் அந்த இடத்தால் வெளிப்பக்கம் ஏறும், துளி சாய்ந்து தொங்கும்.

சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய் இந்த வேலைக்கு ஆகாது. அற்ககோலால் கழுவி, வடித்த நீரால் பல தடவை அலசுங்கள். நீர் உடையாத படலமாக வடிந்தால் சுத்தம். மணிமணியாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. பிறகு நுனியை விரலால் தொடவே கூடாது.

50 துளிக்கு 17 நிமிடம் எடுக்கிறது. வாய் அகன்ற முகவையில் சேர்த்தால் அதற்குள் ஆவியாகும். ஒடுங்கிய வாயுள்ள சிறு போத்தலை எடுத்து, வாயை மூடிய தாளில் துளி விழ மட்டும் ஒரு ஓட்டை போடுங்கள். மின்விசிறி நிற்க வேண்டும். கடற்காற்று வருகிற பக்க யன்னலும் பூட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் துளி ஆடி முன்னதாகவே விழும்.

ஒளியும்_துளியும்:

குழாய் கையில் இருப்பதால் விழாத துளியையும் படம் எடுத்துப் பாருங்கள். அதே நீருக்கு இரண்டாவது, சுயாதீனமான அளவீடு கிடைக்கும். தொங்கும் துளியின் மிக அகன்ற விட்டத்தை எடுக்க வேண்டும். அடி நுனியிலிருந்து அதே விட்டத்தளவு உயரத்தில் துளியின் அகலத்தையும் எடுக்க வேண்டும். இரண்டின் விகிதத்திலிருந்து பரப்பிழுவிசை வரும். அதற்கான அட்டவணை 1938 முதல் இருக்கிறது. இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளில் விளிம்பை அளக்கலாம்.

இதில் பிள்ளைகள் தடுமாறுவது வெளிச்சத்தில். துளிக்குப் பின்னால் பெரிய வெள்ளைத் தாளை ஒட்டினாற்போல் வைத்து ஒளியூட்டினால் விளிம்பு மங்கும். பக்கவாட்டிலிருந்து வரும் கதிர்கள் விளிம்பருகே முறிந்தும் தெறித்தும் கமராவுக்குள் வந்துவிடுகின்றன. வெள்ளைத் தாளில் 3 ச.மீ. சதுரம் மட்டும் தெரியும்படி கறுப்பு மட்டையால் மறைத்து, துளிக்கு 30 ச.மீ. பின்னால் வையுங்கள். அப்போது விளிம்பு கறுத்துக் கூராகத் தெரியும். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். துளியே குவிவில்லையாகி அந்தச் சதுரத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது, அதை அழிக்கத் தேவையில்லை.

கைபேசியைக் கிட்டக் கொண்டுபோகாமல், எட்ட வைத்து உருப்பெருக்குங்கள். பக்கத்தில் ஒரு தூக்குநூல் தொங்கினால் நிலைக்குத்துத் தெரியும். அளவுத்திட்டத்துக்குக் குழாயின் வெளிவிட்டமே போதும், ஆனால் விடையில் விட்டம் வர்க்கமாக வருகிறது: அளவுத்திட்டத்தில் 1 சதவீத வழு விடையில் 2 சதவீதம்.

கழுத்து அறுவதைப் பிடிக்க விரும்பினால் செக்கனுக்கு 240 படம் என்பதிலும் ஒன்றிரண்டு படம்தான் கிடைக்கும். அறுவதற்கு 1 மில்லிசெக்கன் முன் நீர்க்கழுத்தின் ஆரை 0.3 மி.மீ. அளவு, மீதி நேரத்தின் மூன்றில் இரண்டாம் அடுக்காக அது சுருங்குகிறது. கிளிசரினில் கழுத்து நீண்ட இழையாகி ஆறுதலாக அறும், கண்ணுக்கே தெரியும்.

கல்லடி_உயர்தரம்:

மிக்க நன்றி. நுணுக்குக்காட்டியில் 3.95, 3.97 மி.மீ. சராசரி 3.96 போட்டு, காரணியும் சேர்த்தால் வடித்த நீர் 71.5, வாவித் தண்ணீர் 68.9. இந்த வித்தியாசம் உப்பால்தானே?

வந்தாறுமூலை_ஆய்வுகூடம்:

இல்லை, உப்பு எதிர்ப்பக்கம் இழுக்கும். கறியுப்பு லீற்றருக்கு ஒரு மூல் கரைந்தால் பரப்பிழுவிசை ஏறக்குறைய 1.6 மில்லிநியூற்றன் கூடும். முழுக் கடல்நீருக்கே ஏற்றம் 1 அளவுதான். முகத்துவாரம் திறந்து உப்பேறிய காலத்திலும் வாவி அதைத் தாண்டாது. ஆகவே 68.9 என்றால் மேற்பரப்பில் படிகிற வேறு ஏதோ இருக்கிறது: சவர்க்காரம், எண்ணெய், பாசியும் இலைகுழையும் அழுகி வரும் சேதனப் பொருள்.

வித்தியாசத்தை நீங்கள் நம்பலாம். இரண்டையும் ஒரே குழாயில் அளந்ததால் விட்டத்தின் வழு இரண்டையும் ஒரே பக்கமாகத்தான் தள்ளும். ஆனால் வாவித் தண்ணீருக்குப் பிறகு வடித்த நீரை இன்னொரு தடவை ஓடவிடுங்கள். 71.5 திரும்ப வராவிட்டால் அழுக்கு குழாயில்.

அடுத்தது, வாவித் தண்ணீரையே துளிக்கு 20 செக்கனிலும் 60 செக்கனிலும் எண்ணுங்கள். வடித்த நீரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். சேதனப் பொருள் உள்ள நீரில் புதிய மேற்பரப்புக்கு அது வந்து படிய நேரம் எடுக்கும், எனவே ஆறுதலாக விழும் துளிகள் இலேசாக இருக்கும். மாதிரியையும் இரண்டு விதமாக எடுங்கள்: ஒன்று மேற்பரப்பைத் தொட்டாற்போல், மற்றது மூடிய கண்ணாடிப் போத்தலை முழங்கை ஆழத்தில் அமிழ்த்தி அங்கே மூடியைத் திறந்து. சம்போ வந்த பிளாஸ்ரிக் போத்தல் எதுவும் வேண்டாம். உப்புக் கூடிய மாதிரிக்கு அடர்த்தியை அடர்த்திப் போத்தலில் தனியாக அளந்து கனவளவைக் கணியுங்கள்.