புதுப்பிப்பு: கண்ணாடி ஊத மூச்சு பத்துமா என்று கேட்டிருந்தேன்

முதல்முறையாகக் கண்ணாடி ஊதும் பட்டறைக்குப் போகிறேன், எனக்கு மூச்சு அவ்வளவு பத்தாது, சமாளிக்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சமாளிக்க முடிந்தது.

கைகொடுத்தது, ‘பலமாக ஊதாதீங்க, சின்னதா ஊதிட்டு குழாய் வாயைக் கட்டைவிரலால் உடனே மூடுங்க’ என்ற யோசனைதான். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் தானாக விரிகிறது. குழாய் நுனியில் ஆரஞ்சாக ஒளிரும் உருகிய கண்ணாடி உருண்டைக்குள் பட்டாணி அளவு குமிழ் கிளம்பியதைக் கண்ணாலேயே பார்த்தேன். அது வந்துவிட்டால் அப்புறம் ஊதுவது சுலபம். உண்மையில் மூச்சைவிடக் கைக்குத்தான் வேலை: குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பருத்திச் சட்டை, ஷூ என்று சொன்னதும் சரி. உலை 1,100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது.

எதிர்பாராதது நிறம். நான் கேட்ட கோபால்ட் நீலம் சூடாக இருந்தவரை நீலமாகத் தெரியவே இல்லை, ஆறிய பிறகுதான் தெரிந்தது. செய்ததை அன்றே கையோடு கொண்டுவரவும் முடியாது. சுமார் 500 டிகிரி சூளையில் வைத்து இரவு முழுக்க மெல்ல ஆறவிடுகிறார்கள், சட்டென்று ஆறினால் விரிசல் விடும். வெளியூரிலிருந்து போகிறவர்கள் மறுநாளும் அங்கே தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள்.