புதுப்பிப்பு: பாபின் சரியாக வந்து சேர்ந்தது

தையல் இயந்திரத்துக்கு அஞ்சல் வழியாக பாபின் (அடிநூல் சுற்றும் சிறு உருளை) வாங்கியதையும், கேட்டது இருப்பில் இல்லையென்று கடைக்காரர்கள் வேறு வகையை அனுப்பிவிட்டார்கள் என்பதையும் முன்பு எழுதியிருந்தேன். கடைக்கு எப்படி எழுதினால் சரியானது வரும் என்றும் கேட்டிருந்தேன். இப்போது சரியானதே வந்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பெரிதும் உதவியது ஒரே ஒரு வரிதான்: "இந்த வகை இல்லையென்றால் மாற்று அனுப்ப வேண்டாம், பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்." இதைச் சொல்லாவிட்டால் முடிவு பொட்டலம் கட்டுபவர் கைக்குப் போய்விடுகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. பாபினில் '15' என்ற வகையும் 'எல்' என்ற வகையும் விட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டும் 20 மில்லிமீட்டர் அளவு. உயரத்தில்தான் வித்தியாசம்: '15' வகை ஏறக்குறைய 11.7 மில்லிமீட்டர், 'எல்' வகை 8.9. மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. அதனால் பழைய பாபினைப் பக்கவாட்டில் நிறுத்தி, அளவுகோலோடு படம் எடுத்து இணைத்தேன். இயந்திரத்தின் மாடல் எண்ணை அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன்.

அப்புறம், ஆர்டர் எண்ணைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். முதல் தடவை நடந்த கதையை இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் நீளமான கடிதத்தில் கேட்க வந்த விஷயம் புதைந்துவிடும்; படிப்பவர் பெரும்பாலும் அந்தத் தவறைச் செய்தவராகவும் இருக்க மாட்டார்.

தவறாக வந்த பாபின்களைத் திருப்பி அனுப்பும் செலவை அவர்களே ஏற்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணம் மட்டும் இன்னும் வர வேண்டும்.